சேமித்த புல்லுக்கு அளக்கிற கூலி

“ஏம்மா, ஊறுகாய்ப்புல் போட்டா பால் கூடுமா?”

போன வாரம் மன்னார்குடியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார். கோட்டூர்ப் பக்கம், வீட்டில் இரண்டு கறவை. என் மடியில் இருந்த புதுத் தார்ப்பாயைப் பார்த்துத் தொடங்கிய பேச்சு அங்கே வந்து நின்றது. பால் அதிகமாகாது என்று சொன்னேன். “அப்புறம் எதுக்கு இவ்ளோ பாடு?” என்றார். பதிலைப் பாதி சொல்வதற்குள் நான் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன். அந்த அம்மா படிக்காவிட்டாலும் அவரைப் போல இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருக்கிற யாருக்காவது உதவும்.

ஊறுகாய்ப்புல் என்பது சைலேஜ், பச்சைப் புல்லை நறுக்கி டிரம்மிலோ பையிலோ காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைத்த தீவனம். டிரம்முக்குள் போன புல், போனதைவிடச் சத்தாக வெளியே வராது. ஆடியில் இருந்த சத்தில் எவ்வளவு ஐப்பசிக்கு வந்து சேருகிறது என்பதுதான் கணக்கு. எங்கள் பக்கம் அறுவடைக் கூலியை நெல்லாகவே அளந்த காலம் உண்டு. களத்தில் பொலி குவிந்ததும் முதலில் கூலியை அளப்பார்கள், மிச்சம்தான் வீட்டுக்கு வரும். புல்லைச் சேமிப்பதும் அப்படித்தான். காய வைத்தால் வெயில் தன் கூலியை எடுத்துக்கொள்ளும். காற்றுப் புகாமல் மூடினால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே பண்டத்தைக் கேட்பதில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

எங்கள் ஊர் பாமணியாற்றங்கரை. வயல் முழுக்க நெல். வீட்டுக்குப் பின்னால் உள்ள திடலில் ஒரு மா, அதாவது 33 சென்ட், கோ-4 புல் போட்டிருக்கிறோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கம்பையும் நேப்பியரையும் ஒட்டி உருவாக்கிய ரகம் அது. முதல் அறுப்புக்கு 75 நாளுக்கு மேல் ஆகும், பிறகு 45 நாளைக்கு ஒரு அறுப்பு. ஆனி, ஆடி, ஆவணியில் அறுத்து மாளாது. மூன்று கலப்பினக் கறவைகளும் ஒரு உம்பளாச்சேரிப் பசுவும் தின்றது போக முற்றிப்போய்க் கிடக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் கதை மாறிவிடும். திடலைச் சுற்றித் தண்ணீர், வரப்பில் கால் வைக்க முடியாத சேறு, ஆள் வருவதில்லை. அறுத்துக் கொண்டுவந்தாலும் அதில் பாதி மழைத் தண்ணீர்தான்.

அந்தக் காலத்துக்குத்தானே வைக்கோல்போர் என்று கேட்கலாம். தையில் அறுத்த சம்பா வைக்கோல்தான் போரில் இருக்கும். ஐப்பசிக்குள் போர் அடிமட்டத்துக்கு வந்துவிடும். குறுவை வைக்கோல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மழையில் நனைந்து பூஞ்சை பிடித்துத்தான் வரும். நல்ல வைக்கோலிலேயே புரதம் 100 கிலோவுக்கு 3, 4 கிலோவுக்கு மேல் கிடையாது. மாட்டின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்யவே தீவனத்தில் ஏழு சதவீதமாவது புரதம் வேண்டும். போதாததற்கு, நெல் வைக்கோலில் சிலிக்கா என்ற மணற்சத்தும் ஆக்சலேட்டும் அதிகம். ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். வைட்டமின் ஏ-வுக்கு மூலமான கரோட்டின் மருந்துக்கும் இருக்காது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தபோது எங்கள் போரும் இல்லை, கொட்டகைக் கூரையும் இல்லை. பதினோரு நாள் மாடுகளுக்கு விழுந்த தென்னையின் பச்சை மட்டையும் வாழைத்தண்டும்தான் போட்டோம். எட்டு மாதச் சினையாக இருந்த ஜெர்சியின் விலா எலும்பு வெளியே தெரிந்தது. அதை என்னால் மறக்க முடியவில்லை. ஆடியில் அந்தத் திடலில் முற்றி வீணாகப் போன புல்லெல்லாம் கண் முன்னால் வந்து நின்றது.

அடுத்த வருடம் தொடங்கினேன். முதலில் யோசித்தது குழி. மாமா, என் மாமனார், ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். “இங்க மூணு அடி தோண்டுனா ஐப்பசில கிணறும்மா அது.” அவர் சொன்னது சரி. படங்களில் காட்டுகிற மண்குழி மேட்டுநிலத்துக்காரர்களுக்கு ஒத்துவரும். நீர்மட்டம் மேலேறி வருகிற நம் பகுதியில் குழிக்குள் ஊற்று எடுத்தால் புல் சர்வநாசம். அதனால் தடித்த பாலித்தீன் பைகள் வாங்கினேன். மழை விட்ட மறுநாள் காலை அறுத்த புல்லை, ஈரத்தோடு நறுக்கி, மிதித்து, கட்டி வைத்தேன். மாமா பார்த்துக்கொண்டே நின்றார். “பச்சப் புல்ல மூடி வச்சா அழுகாம என்னம்மா செய்யும்?”

ஐம்பதாவது நாள் திறந்தபோது வந்த நாற்றம் தெருவரைக்கும் போனது. கெட்டுப்போன வெண்ணெயும் சாக்கடையும் கலந்த மாதிரி. அடியில் கரும்பச்சையாகக் குழம்பு. மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. பதினாறு பையையும் எருக்குழியில் கொட்டினோம். அன்று இரவு தூங்கவில்லை. நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவள், கல்யாணத்துக்கு முன் ஒரு பள்ளி ஆய்வகத்தில் நாலு வருடம் வேலை பார்த்தவள். அந்தப் பைக்குள் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்காமல் விடக்கூடாது என்று தோன்றியது.

படித்துத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புல்லை அறுத்த பிறகும் அது கொஞ்ச நேரம் உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விட்டுத் தன் சர்க்கரையை எரித்துக்கொண்டே இருக்கும். காற்றை அடைத்துவிட்டால் அது நிற்கும். பிறகு லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள், தயிரைப் புளிக்கவைக்கும் அதே இனம், மீதி சர்க்கரையைத் தின்று அமிலமாக்கும். பி.எச். என்பது அமிலத்தை அளக்கும் எண், அமிலம் ஏற ஏற அது இறங்கும். அது நாலு, நாலே கால் என்று இறங்கிவிட்டால் கெடுக்கிற பாக்டீரியாக்கள் தலைதூக்காது, புல் அப்படியே நிற்கும். இறங்கத் தாமதமானால் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா எழும்பும். அதற்கு ஈரம் பிடிக்கும். அதன் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் இருக்கும். மற்ற பாக்டீரியாக்கள் செய்து முடித்த லாக்டிக் அமிலத்தையே அது தின்று பியூட்ரிக் அமிலமாக்கும், புரதத்தை உடைத்து அமோனியாவாக்கும். என் பைகளில் வந்த வெண்ணெய் நாற்றம் அந்த பியூட்ரிக் அமிலம்தான். மழை ஈரம், வேரோடு ஒட்டி அறுத்ததில் வந்த களிமண் சேறு, இரண்டையும் நானே உள்ளே அடைத்துக் கொடுத்திருந்தேன்.

இதில் நம் புல்லுக்கு ஒரு தனிச் சிரமம் உண்டு. ஐரோப்பாவில் ஊறவைக்கிற ரைகிராஸ் குளிர்நாட்டுப் புல், அதில் கரையும் சர்க்கரை தாராளம். நேப்பியர் வெப்பநாட்டுப் புல். சர்க்கரை குறைவு, தண்ணீர் அதிகம், தண்டு தடிமன். அமிலமாக மாற வேண்டிய மூலப்பொருளே கம்மி. அதனால் அங்கே எழுதிய குறிப்பை அப்படியே இங்கே செய்தால் பாதி நேரம் கைவிடும்.

அப்படிச் சர்க்கரை உள்ள நாட்டிலேயே மழையும் குளிரும் பெரிய தொல்லையாக இருந்திருக்கிறது. பின்லாந்து வேதியியலாளர் ஆர்த்துரி விர்த்தானென், பாக்டீரியா அமிலம் செய்யும்வரை காத்திருக்காமல், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கந்தக அமிலத்தையும் புல்லில் நேராகவே தெளித்து பி.எச். நாலுக்குக் கீழே இறக்கினார். புரதம் உடைவதும் மூச்சில் சர்க்கரை கரைவதும் அதோடு அடங்கின. 1945இல் வேதியியல் நோபல் பரிசை அவருக்குக் கொடுத்தபோது இந்தத் தீவனப் பாதுகாப்பு முறையைத்தான் சிறப்பாகக் குறிப்பிட்டார்கள். மாட்டுத் தீவனத்துக்கு நோபல் பரிசு! இதை மாமாவிடம் சொன்னபோது அவர் முதல்முறையாக ஆர்வமாகக் கேட்டார். ஆனால் அந்த அமிலத்தை நம் கொட்டகைக்குள் கொண்டுவரச் சொல்ல மாட்டேன். கையும் கண்ணும் போய்விடும்.

2021 ஆடியில், மூடி இறுக்குகிற வளையம் உள்ள 200 லிட்டர் நீல டிரம்கள் வாங்கி ஒரு சோதனை செய்தேன். ஒரே நாள் அறுத்த, 45 நாள் புல். ஒரு டிரம்மில் அறுத்த உடனே நறுக்கி மிதித்தேன். இரண்டாவதில் காலை எட்டு மணிக்கு அறுத்துத் திடலிலேயே பரப்பி, நடுவில் ஒருமுறை புரட்டி, மூன்றரை மணிக்கு அள்ளி நறுக்கியது. மூன்றாவதில் அதே வாடிய புல்லோடு நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ வெல்லம் கரைத்துத் தெளித்தது. அய்யம்பேட்டைப் பக்கத்து வெல்லம், கசிந்துபோய் விலை குறைத்து விற்றது. நாலாவது பங்கை மொட்டைமாடியில் மூன்று நாள் காய வைத்து உலர்புல்லாகக் கட்டினேன்.

ஈரத்தைக் கணக்கிட எனக்குத் தோசைக்கல் போதும். நூறு கிராம் நறுக்கிய புல்லைச் சமையலறைத் தராசில் நிறுத்து, சிறு தீயில் கருகாமல் வறுத்து, எடை இறங்காமல் நிற்கும்வரை வைத்தால் மிஞ்சுவதுதான் உலர்பொருள். அன்று பச்சையாக இருந்தபோது 19 கிராம் நின்றது. 30 வர வேண்டும். அப்படியென்றால் நூறு கிலோ புல் வாடி ஏறத்தாழ 63 கிலோவாக வேண்டும். ஆடி வெயிலில் ஏழரை மணி நேரத்தில் அந்த அளவுக்குப் பக்கத்தில் வந்தது. தராசு இல்லாதவர்கள் நறுக்கிய புல்லை ஒரு பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் சாறு சொட்டினால் இன்னும் வாட வேண்டும். கையை விரித்ததும் உருண்டை மெதுவாகப் பிரிந்தால் சரி. சட்டென்று உதிர்ந்தால் காய்ந்துபோய்விட்டது, மிதித்தாலும் காற்று வெளியேறாது, பூஞ்சை பிடிக்கும்.

45ஆம் நாள் திறந்தேன். வாடாத புல் டிரம்மில் அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சாறு நின்றது. பி.எச். தாள் ஐந்தைக் காட்டியது, மூக்கில் அமோனியா ஏறியது. அந்தச் சாறு வெறும் தண்ணீர் அல்ல. கரைந்த சர்க்கரை, உப்புச்சத்துகள், உடைந்த புரதம் எல்லாம் அதில்தான் இருக்கும். குளத்தில் கலந்தால் மீன் சாகும், அதனால் தென்னைக்குக்கூட நிறையத் தண்ணீர் விட்டுத்தான் ஊற்றினேன். வாடிய புல் நாலரைக்கு வந்திருந்தது. வெல்லம் சேர்த்தது நாலு. பழுத்த ஆலிவ் நிறம் என்று எழுதியிருப்பார்கள், எனக்குத் தெரிந்ததைச் சொன்னால் உப்பில் போட்ட மாவடு நிறம். வாசனை புளித்த மோரும் கரும்பும். உலர்புல் பார்க்கச் சுத்தமாக இருந்தது, வெளுத்திருந்தது, தூக்கும்போது இலைகள் நொறுங்கிக் கீழே கொட்டின.

இங்கேதான் பலர் ஏமாறுகிற இடம் வருகிறது. ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினால் ‘கச்சாப் புரதம்’ என்று ஒரு எண் வரும். 1883இல் டென்மார்க்கின் கெல்டால் கண்டுபிடித்த முறை அதற்கு அடிப்படை. தீவனத்தில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குவார்கள், அவ்வளவுதான். அந்த நைட்ரஜன் முழுப் புரதமாக இருக்கிறதா, அமினோ அமிலமாக உடைந்திருக்கிறதா, அமோனியாவாகவே போய்விட்டதா என்று அந்த எண் சொல்லாது. பச்சைப் புல்லில் நைட்ரஜனின் பெரும்பங்கு உண்மையான புரதமாக இருக்கும். ஊறிய புல்லில், நன்றாக ஊறியதிலும்கூட, பாதிக்கு மேல் உடைந்துபோயிருப்பது சாதாரணம். புல்லின் சொந்த நொதிகளே முதல் சில நாட்களில் அதைச் செய்துவிடும். பி.எச். எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறதோ அவ்வளவு சீக்கிரம் அந்த நொதிகள் ஓயும். ஆக, நாறிப்போன பைக்கும் நல்ல டிரம்முக்கும் கச்சாப் புரத எண் பக்கத்தில் பக்கத்தில் வரலாம். மாட்டுக்கு இரண்டும் ஒன்றல்ல. முடிந்தால் அமோனியா நைட்ரஜனையும் அளந்து தரச் சொல்லுங்கள். மொத்த நைட்ரஜனில் அது பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல புல்.

உடைந்த நைட்ரஜன் முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது. பெருவயிற்று நுண்ணுயிர்கள் அமோனியாவை எடுத்துத் தங்கள் உடம்பாக்கிக்கொள்ளும், மாட்டுக்கு அது புரதமாகப் போய்ச் சேரும். அதற்கு அந்த நேரத்தில் சக்தி வேண்டும். ஆனால் புல்லில் இருந்த சர்க்கரையைத்தான் நாம் அமிலத்துக்கு அளந்துவிட்டோமே. அதனால் ஊறிய புல்லோடு உடைத்த மக்காச்சோளமும் தவிடும் சேர்த்து வைக்கிறேன். மிஞ்சிய சோற்றையும் கஞ்சியையும் வாளி வாளியாக ஊற்றுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. அது வேண்டாம், அமிலம் ஏறி மாடு படுத்துவிடும்.

உலர்புல்லின் கதை வேறு. புரதம் இந்த அளவுக்கு உடையாது, சீக்கிரம் காய்ந்தால். ஆனால் புரதம் இருப்பதே இலையில், அந்த இலைதான் உதிர்கிறது. கரோட்டினை வெயில் பெரும்பாலும் தின்றுவிடும். வெயில் பதிலுக்கு வைட்டமின் டி-யைக் கொடுக்கும், அது உண்மை. நடுவில் ஒரு மழை பெய்தால் கரையக்கூடியது எல்லாம் மொட்டைமாடியிலிருந்து குழாய் வழியே போய்விடும். புரட்டாசிக்குப் பிறகு மூன்று நாள் தொடர்ச்சியாக வெயிலை நம்ப முடியாத ஊரில் இந்தக் கூலி எனக்குக் கட்டுப்படியாகாது. கரோட்டின் விஷயத்தில் ஊறிய புல் எவ்வளவோ மேல். பச்சையே இல்லாமல் மாதக்கணக்கில் வைக்கோலிலேயே ஓடுகிற மாடு சினை பிடிக்காமல் போவதும், கன்று நோஞ்சானாகப் பிறப்பதும் வைட்டமின் ஏ குறைவின் அடையாளமாக இருக்கலாம் என்று எங்கள் டாக்டர் அடிக்கடி சொல்வார்.

இதையெல்லாம்விடப் பெரியது ஒன்று இருக்கிறது, அது டிரம்முக்கு வெளியே நடப்பது. எந்த நாளில் அறுக்கிறோம்? 45 நாளில் பத்து சதவீதம் ஒட்டி இருக்கும் புரதம், எடை கூடட்டும் என்று 75, 80 நாள் விட்டால் ஏழுக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். தண்டில் லிக்னின் என்ற மரச்சத்து ஏறி, மாடு மென்றாலும் செரிக்காது. அந்தப் புல்லுக்கு எவ்வளவு வெல்லம் ஊற்றினாலும் மரத்துண்டுக்குப் பாகு காய்ச்சியதுதான். பை நிறைய வேண்டும் என்று முற்றவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பாடெல்லாம் பட்டு, சத்தில்லாததைப் பத்திரப்படுத்துகிறார்கள்.

சிலர் புல்லிலும் யூரியா சேர்க்கச் சொல்கிறார்கள். நான் சேர்ப்பதில்லை. அது அமோனியாவாகி, வர வேண்டிய அமிலத்தைத் தணித்துவிடும். யூரியாவின் இடம் வைக்கோல். நூறு கிலோ காய்ந்த வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியாவைத் தண்ணீரில் முழுக்கக் கரைத்துத் தெளித்து, 21 நாள் மூடி வைத்தால் புரத எண் ஏறத்தாழ இரட்டிப்பாகும். கரைசல் வாளியை மாட்டுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், குடித்தால் உயிர் போய்விடும்.

இப்போது என் வழக்கம் இதுதான். தரையிலிருந்து அரை அடி விட்டு அறுப்பு. வெயிலில் அரைநாள் வாட்டம். சாஃப் கட்டரில் ஒரு அங்குலத்துக்குள் நறுக்கல். அரை அடி உயரத்துக்கு ஒரு அடுக்காகக் கொட்டி, வேலைக்கு வரும் தம்பி உள்ளே இறங்கி ஓரத்தைச் சுற்றிச் சுற்றி மிதிப்பார். “அக்கா, ஓரந்தான் கெடும், நடுவு தானா அமுங்கிக்கும்” என்பது அவர் கண்டுபிடித்தது, சரியாகவும் இருக்கிறது. ஒரு டிரம்மில் நூறு, நூற்றுப்பத்து கிலோ இறங்கும். அன்றே மூடிவிட வேண்டும், நாளைக்கு மிச்சத்தைப் போடலாம் என்பது கிடையாது. பைகளை விட்டுவிட்டேன், எலி ஒரு ஓட்டை போட்டால் போதும்.

திறந்தபிறகு காற்று மறுபடி உள்ளே போகிறது. ஈஸ்ட் முதலில் கிளம்பும், புல் சூடாகும், பூஞ்சை வரும். நம் வெக்கையில் இது வேகமாக நடக்கும். பெரிய தொட்டி கட்டிக்கொண்டு தினம் ஒரு கூடை சுரண்டினால் நல்லதும் கெடும். மூன்று கறவைக்குத் தலைக்குப் பன்னிரண்டு கிலோ வீதம் தினம் ஒரு வேளை போட்டால் ஒரு டிரம் மூன்றாம் நாள் காலியாகிவிடும், கெட நேரமில்லை. சின்ன மந்தைக்கு டிரம் பொருத்தமாக இருப்பது இதனால்தான். கறந்து முடித்த பிறகுதான் போடுவேன், முன்னால் போட்டால் பாலில் வாசனை ஏறும். புதிதாகப் பழகும் மாட்டுக்கு முதல் வாரம் நாலைந்து கிலோ போதும். மேலே வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் அந்தப் பகுதியோடு சுற்றிலும் ஒரு சாண் எடுத்து எருக்குழிக்குப் போடுவேன். சினைமாட்டின் காடியில் அதில் ஒரு துணுக்குகூட விழக்கூடாது.

பால் கூடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் கார்த்திகையில் இறங்கவும் இல்லை. முன்பெல்லாம் மழை மாதத்தில் பால் சொசைட்டியில் எஸ்.என்.எஃப்., அதாவது கொழுப்பு நீங்கலான திடச்சத்து, குறைந்து, கொழுப்பும் தடுமாறி, லிட்டருக்கு விலை குறைத்துப் போடுவார்கள். இரண்டு வருடமாக அந்தக் குறை வரவில்லை. பஸ்ஸில் அந்த அம்மாவுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த வருடம் பதினாலு டிரம். ஒன்றுக்கு மூன்று நாள் என்றால் நாற்பத்திரண்டு நாள். இரண்டைத் திறந்தாகிவிட்டது. பதிமூன்றாவதிலும் பதினாலாவதிலும் நாலில் ஒரு பங்கு தட்டைப்பயறுக் கொடி கலந்திருக்கிறேன். புரதம் கூடும், ஆனால் பயறு வகை அமிலத்துக்கு லேசில் இறங்காது, அதனால் வெல்லத்தை மூன்று கிலோவாக்கினேன். நேற்று மாலை மாமா கொட்டகைக்கு வந்து, திறந்திருந்த டிரம்மில் ஒரு பிடி எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டு நின்றார். “மோரு கடைஞ்ச பானை மாதிரி இருக்கும்மா” என்று சொல்லிவிட்டு அந்தப் பிடியை உம்பளாச்சேரியின் வாயில் கொடுத்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. பதிமூன்றாவதைக் கார்த்திகைக் கடைசியில் திறப்பேன், பி.எச். எவ்வளவு என்று அன்றே எழுதுகிறேன்.